கடைசி ஆள் ஏறாமல் ரைட் இல்லை

மேடை நிகழ்ச்சிகளில் சவுண்டு மிக்ஸர் முன்னால் நிற்கப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலருக்கு என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. கேட்கத்தான் தயக்கம். போன மாதம் ஆனையூரில் என் வீட்டுக்கு வந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் துணிந்து கேட்டுவிட்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்த வீடியோவுல உங்க மக அடி அடின்னு அடிக்குது, ஒரு சத்தமும் வரலையே. நெசமாவே டூப்பா?"

பக்கத்தில் இருந்த பையன் அவள் முழங்கையை இடித்தான். "இடிக்காத தம்பி, நல்ல கேள்விதான்" என்று சொல்லிவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. எடுத்ததற்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை நான். ஆனால் அந்தத் திடலின் இடது மூலையைப் பற்றிப் பேச வரும்போது இன்றைக்கும் அப்படி ஆகிவிடுகிறது. எழுதினால் நிறுத்தாமல் சொல்லி முடிக்கலாம் என்று தோன்றியது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நாளைக்கு உங்களுக்கும் அதே நிலைமை வரும். வந்தால் நான் செய்ததையே செய்யுங்கள் என்று சொல்ல எழுதுகிறேன்.

எந்த வயரை எதில் சொருகுவது, எந்த ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை உங்களுக்கு இணையமே சொல்லிக் கொடுக்கிறது, என்னைவிட நன்றாகவே. நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு மைக் செட் கடையில் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கப் போனவள். மிக்ஸருக்கு வந்தது பிறகு. இடது காதில் இரைச்சல் நிற்காமல் போனதால் வேலையை விட்டேன். இடைப்பட்ட காலத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் சத்தத்தைப் பற்றியது இல்லை, கூட்டத்தைப் பற்றியது.

அதில் முதல் பாடம் ஒரு ஆடல் பாடல் நிகழ்ச்சியில் கிடைத்தது. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது கூட்டத்தின் நடுவே இரண்டு கோஷ்டிக்கு வாய்த்தகராறு. எங்கள் கடை முதலாளி பயந்துபோய் ஜெனரேட்டரையே நிறுத்திவிட்டார். சத்தம் போனால் சண்டையும் போய்விடும் என்று நினைத்தார் பாவம். அதுவரை பாட்டுக்குள் அமுங்கிக் கிடந்த வசவு அத்தனையும் எல்லாருக்கும் கேட்க ஆரம்பித்தது. இருட்டு வேறு. சண்டை நடப்பதே தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தவர்களும் என்னவோ ஏதோ என்று ஓட, நாற்காலிகள் பறந்தன. மிக்ஸர் மேசைக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்தபடி நான் யோசித்தேன். திடீர் அமைதி கூட்டத்தை அடக்குவதில்லை, மிரட்டுகிறது. பாட்டு ஓடத்தான் வேண்டும். ஆனால் ஆட முடியாத பாட்டாக ஓட வேண்டும்.

பிறகு சின்னச் சின்னத் தள்ளுமுள்ளுகளில் அதைச் செய்து பார்த்தேன். அடிவயிற்றில் வந்து இடிக்கிறதே பேஸ், அதை மட்டும் எடுத்துவிட்டால் காலுக்கு வேலை இல்லாமல் போகிறது. ஆள் தானாக நின்றுவிடுகிறான். மேலே ராகம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதால் நிகழ்ச்சி முடிந்ததாகவும் நினைப்பதில்லை, பதறி ஓடுவதும் இல்லை. மிக்ஸரில் ஃபேடர் என்கிற தள்ளுகட்டை ஒன்றைக் கீழே இழுக்கிற வேலைதான். அவ்வளவு சின்ன வேலை.

இனி 'பீஸ்கட்டை'க்கு வருகிறேன்.

அது இரண்டு பேர் சேர்ந்த மின்னணு இசைக் குழு. ஒருத்தி என் மகள் தேன்மொழி. இன்னொருவன் அவளோடு கல்லூரியில் படித்த ரபீக். அவன் அத்தாவுக்கு டவுனுக்குள் தையல் கடை. ரபீக் கீபோர்டில் நிற்பான். தேனு ரப்பர் பேடுகளைக் குச்சியால் அடிப்பாள். ஒவ்வொரு பேடுக்குள்ளும் அவர்களே ஊரில் அலைந்து பதிவு செய்த ஒரு சத்தம் இருக்கும். ரபீக் கடைத் தையல் மெஷின், பூ மார்க்கெட் ஏலம், வயக்காட்டு மோட்டார் கிளம்புகிற முக்கல். ஒரு பேடில் அவள் அப்பா இருந்தார். என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு, பிறகு ஒரு "ரைட்". அவ்வளவுதான் அவர் பாத்திரம்.

இந்த மாதிரி இசையில் எல்லாருக்கும் இருக்கிற சந்தேகம் ஒன்று உண்டு. லேப்டாப்பில் பாட்டை ஓடவிட்டு மேடையில் சும்மா கையை ஆட்டுகிறார்களோ என்று. அதனாலேயே இரண்டு பேரும் ஒரு விதி வைத்திருந்தார்கள். முன்கூட்டியே பதிவு செய்த பாட்டு எதுவும் மேடையில் ஓடாது. காதில் விழும் ஒவ்வொரு அடியும் கை அடித்த அடியாக இருக்க வேண்டும். தப்பு வந்தால் தப்போடு போகட்டும். அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் பெற்றவள் என்பதையும் மீறி அவர்களுக்கு மிக்ஸரில் நின்றேன்.

ஒரு நிகழ்ச்சியில் யாரோ போனில் எடுத்த துண்டு, அப்பா பேடு வருகிற இடம், இணையத்தில் பரவியது. எங்கள் பக்கத்து ஆள்கூட இல்லை, எங்கோ இருக்கும் ஒரு பையன் அதற்கு ஒரு ஆட்டம் கண்டுபிடித்தான். தகரம் தட்டும்போது எல்லாரும் குந்தி உட்கார வேண்டும். "ரைட்" வந்ததும் முன்னால் பாய்ந்து குதிக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில், ஹாஸ்டல் மொட்டைமாடியில், அலுவலக ஆயுதபூஜையில் எல்லாம் குந்தினார்கள், பாய்ந்தார்கள். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது புலம்புவார்.

"என்னைய வேலை பாக்க விட மாட்டேங்குறாய்ங்கடி. நான் கையத் தூக்குறேன், பின்னாடி சீட்டுல இருக்க காலேஜ் பயலுக பூராம் குந்துறாய்ங்க. ஒரு அம்மா பயந்துபோய் அதுவும் குந்துது."

புலம்பல்தான். முகத்தில் பெருமை வழியும்.

உள்ளுக்குள் எனக்குக் கலக்கமாக இருந்தது. அதுவரை எங்களிடம் வந்தவர்கள் கேட்க வந்தார்கள். அதன் பிறகு வந்தவர்கள் போனில் பார்த்ததைச் செய்து பார்க்க வந்தார்கள். வீட்டு வரவேற்பறையில் நாலு பேர் முன்னால் பாய்வது விளையாட்டு. ஒரு திடலே ஒரே நேரத்தில் முன்னால் பாய்ந்தால்? பாய்கிறவனுக்கு முன்னால் யார் இருக்கிறார் என்பது ரீலில் வருவதில்லை.

சமயநல்லூர் பக்கம் பைபாஸ் ஓரத் திடலில் நடந்த நிகழ்ச்சியில் அதைப் பார்த்தேன்.

நடத்தியவர் செல்வம் என்று ஒருவர். எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு கூட்டம். "தடுப்பை இன்னுங் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போடுங்கண்ணே" என்றேன். "அட ஏந்தங்கச்சி, கூட்டம் மேடைய ஒட்டி இருந்தாத்தான வீடியோவுல நல்லா இருக்கும்" என்றார். பொழுது சாயும் நேரம் ஆரம்பித்தார்கள். பாதி நிகழ்ச்சியில் தகரம் தட்டியது. மொத்தத் திடலும் குந்தியது. திடலின் நடுவில் மிக்ஸர் மேடையில் நின்ற எனக்கு, நெற்கதிர் சாய்ந்த மாதிரி இருந்தது. ரைட் வந்தது. எழுந்தார்கள், பாய்ந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. "ஒன்ஸ்மோர்!" என்று அலறல். தேனு மறுபடியும் தட்டினாள். மறுபடியும் ரைட்.

இந்த முறை எல்லாத் தலையும் மேலே வந்தது, ஒரு இடத்தைத் தவிர. மேடைக்கு இடது பக்கம், தடுப்பை ஒட்டி. அங்கே தலைகள் வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் அந்தப் பள்ளத்துக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அது பள்ளம் என்று அவர்களுக்குத் தெரியாது.

மேடையில் இருப்பவர்களுக்கும் தெரியாது. முகத்துக்கு நேரே விளக்கு எரியும்போது மேடைக்குக் கீழே வெறும் கறுப்புதான். என் முன்னால் ஒரு மைக் உண்டு. அதில் பேசினால் தேனுவுக்கும் ரபீக்குக்கும் காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் கேட்கும், கூட்டத்துக்குக் கேட்காது. பெற்ற வயிறு என்ன சொல்லும்? தடுப்பு உடைந்தால் அடுத்தது மேடைதான். "இறங்கி ஓடிரு தேனு" என்பதுதான் என் வாயில் வந்தது. அவள் இறங்கி ஓடுவதைப் பார்த்தால் திடல் முழுவதும் ஓடும். ஓடினால் அந்தப் பள்ளத்தின் மேல்தான் ஓடும். வாயில் வந்ததை விழுங்கினேன். பேஸை இழுத்தேன். தேனு அடிக்கிற பேடு எல்லாம் அந்த ஒரே ஃபேடரில்தான் வரும். அவள் சத்தம் முழுவதும் போனது. ரபீக்கின் கீபோர்டு மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டு நின்றது. லைட்காரரிடம் "கூட்டத்து மேல போடுங்க, பூராத்தையும் போடுங்க" என்று கத்திவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"தேனு, அம்மா பேசுறேன். தலைய ஆட்டாத, கேளு மட்டும். முன்னாடி ஆளுக விழுந்துட்டாங்க. உன் சத்தத்த எடுத்துட்டேன், வெளிய கேக்காது. நீ நிறுத்தாத. நீ நின்னா எல்லாரும் ஓடுவாங்க. சும்மாவாச்சும் அடிச்சுக்கிட்டே இரு. ரபீக், நீ கைய எடுத்துறாத."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கை நிற்கவில்லை. குதித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். "என்னாச்சு, பேஸ் போச்சா?" என்று திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் தடுப்போரம் இருந்த பையன்கள் ஒரு கம்பியைக் கழற்றி ஆட்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். கை முறிந்தவர்கள் இருந்தார்கள். ஒரு பெண்ணைத் தூக்கி வந்து புல்லில் கிடத்தினார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். அசையவில்லை. யாரோ முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு அவள் இருமினாள். அந்த இருமலை நான் கேட்கவில்லை, அவ்வளவு தூரத்தில் இருந்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அது குலுங்கும் வரை என் மகள் சத்தமே வராத ரப்பரை அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வீடியோ வந்துவிட்டது.

போனை நெட்டுக்குத்தலாகப் பிடித்து எடுத்தது. அதில் கூட்டம் இல்லை, விழுந்தவர்கள் இல்லை. தேனு மட்டும் இருக்கிறாள். குச்சி ஏறி இறங்குகிறது. தாளம் இல்லை. கீபோர்டு மட்டும் கேட்கிறது. 'மாட்டிக்கொண்ட பீஸ்கட்டை' என்று தலைப்பு. கீழே ஊரே கூடிச் சிரித்தது. "பீஸ் போன பீஸ்கட்டை." "பென் டிரைவ் பாப்பா." "மாவு ஆட்டுற கிரைண்டர்கூட நெசமா சுத்தும்." அவளை எந்த நேர்மைக்காக நான் மதித்தேனோ, சரியாக அந்த இடத்தில் அடித்தார்கள்.

அன்று மத்தியானம், புல்லில் கிடந்த அந்தப் பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கொத்தனார். சிமெண்டு காய்ந்த கையோடு வாசலிலேயே நின்றார்.

"புள்ள நல்லா இருக்குக்கா. நீங்க செஞ்சதை பயலுக சொன்னாய்ங்க. ஒண்ணு கேக்கலாமா?"

"உள்ள வாங்கண்ணே."

"இருக்கட்டும்க்கா. அது வீட்டுக்குத் தெரியாம வந்திருச்சு. இனிமே காலேஜுக்கே அனுப்பாதன்னு எங்க பக்கம் பெரியவங்க குதிக்கிறாங்க. நான் பேசிச் சமாளிச்சுருவேன். ஆனா அது கெடந்த கோலம் போனுல வந்துச்சுன்னா என்னால முடியாதுக்கா. அது படிப்பு அம்புட்டுத்தான்."

வராது என்று சொல்லி அனுப்பினேன்.

சொல்லும்போதே எனக்குத் தெரியும், எங்களிடம் ஒரு வீடியோ இருந்தது. நிகழ்ச்சியை மேலே இருந்து எடுத்தது. செல்வம் ரபீக்குக்கு அனுப்பியிருந்தார். தலைகள் கீழே போவது, பேஸ் நிற்பது, கூட்டம் நிற்பது, பிள்ளைகளைத் தூக்குவது, புல்லில் அந்தப் பெண், எல்லாம் ஒரே ஓட்டத்தில். அதைப் போட்டால் சிரித்தவன் எல்லாம் வாயை மூடிக்கொள்வான். ரபீக் சாயங்காலமே வந்துவிட்டான்.

"ஆன்ட்டி, ஆதாரத்தக் கையில வெச்சுக்கிட்டு எதுக்கு அடி வாங்கணும்? போட்டுருவோம்."

கொத்தனாருக்குக் கொடுத்த வாக்கு நெஞ்சில் இருந்தது. பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்த மகளின் முகமும் இருந்தது. "அந்தப் பிள்ளை மொகத்த மட்டும் மறைச்சுப் போடலாமே" என்றேன்.

தேனு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"துணிய வெச்சுக் கண்டுபிடிப்பாய்ங்கம்மா. கூட வந்த புள்ளைகள வெச்சுக் கண்டுபிடிப்பாய்ங்க. ஒனக்குத் தெரியாது. டேய் ரபீக், ஒனக்குத் தெரியும்ல?"

ரபீக் தலையை ஆட்டினான்.

"என்னைய டூப்புன்னு சொன்னா நான் நாளைக்கும் அடிப்பேன். சாகுற வரைக்கும் அடிப்பேன். அவளுக்கு நாளைக்கு காலேஜ் இருக்கணும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ரபீக் எங்கள் எதிரிலேயே அதை அழித்தான். செல்வமும் வெளியே விடவில்லை. அவருக்குத் தன் தடுப்பைப் பற்றிய பயம்.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. இங்கேதான் நம் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று நடந்தது. தையல் கடை மாடியில் தேனு பேடுகளை அடிப்பதை ஒரு போனில் நேராக எடுத்துப் போடுவது என்று முடிவு செய்தார்கள். அடித்தாள், எடுத்தார்கள். அப்படியே போட்டிருக்கலாம். ரபீக் கேட்டுப் பார்த்தான். ஃபேன் இரைகிறது, தெருவில் ஹாரன் அடிக்கிறது. நல்ல காது இருக்கிறவனுக்கு அதைப் பொறுக்க முடியுமா? போனில் பதிவான சத்தத்தை எடுத்துவிட்டு, மிக்ஸரில் இருந்து சுத்தமாகப் பதிவு செய்ததை வைத்து ஒட்டினான். கண்ணிமைக்கிற நேரம்கூட இருக்காது, ஒரு மயிரிழை, குச்சிக்கும் சத்தத்துக்கும் நடுவே விலகிவிட்டது. அது போதாதா?

"உதட்டுக்கு டப்பிங் கேள்விப்பட்டிருக்கோம், குச்சிக்கு இப்பத்தான் பாக்குறோம்" என்று ஆரம்பித்தது. பழைய வீடியோவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு வீடியோ. ரபீக்கை அவன் அத்தா கேட்டாராம், "தைச்சதைப் பிரிச்சு மறுபடி தைக்கச் சொன்னானா எவனும்?" என்று.

தம்பி தங்கைகளே, நிரூபிக்கக் கிளம்பாதீர்கள். அவர்களுக்கு ஆதாரம் தேவையில்லை, அடுத்த வீடியோதான் தேவை.

ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. செல்வமே போனை எடுக்கவில்லை. மிஞ்சியது வாடிப்பட்டியில் ஒரு கபடிக் குழுவின் ஆண்டு விழா. அந்தப் பையன்களின் தலைவன் போன் செய்தான்.

"அக்கா, டூப்போ ஒரிஜினலோ, எங்களுக்கு அதெல்லாம் கவலை இல்ல. நீங்க வாங்க. எவன் கேக்குறான்னு பாப்போம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தேனு போனைப் பிடுங்கினாள். "என்னண்ணே டூப்போ ஒரிஜினலோ? வாரேன், வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அந்த ரைட் வேண்டாம். அந்தப் பேடையே கழற்றிவிடு.

"முடியாது" என்றாள். "அது அப்பா குரல்மா. எங்கயோ இருக்கவன் குந்துன்னான், பாயின்னான்னு எங்கப்பன நான் மேடைய விட்டு எறக்கவா?"

"மறுபடி ஆளு விழுந்தா?"

சண்டை முற்றிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைப் போட்டபடி சொன்னார்.

"நான் இத்தன வருசமா ரைட் குடுக்குறேன். கடைசி ஆளு படியில ஏறி உள்ள போகாம ஒரு நாள் குடுத்ததில்ல. நீங்க என் குரல வெச்சுக்கிட்டு, ஆளு ஏறுச்சான்னு பாக்காம குடுத்திருக்கீங்க. அதுல என்னைய ஏன் எறக்குறீங்க?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் சண்டையை மறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

வாடிப்பட்டியில் வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்தோம். தடுப்பைத் தள்ளிப் போட வைத்தேன். கபடிப் பையன்களை மேடைக்கு முதுகு காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நிற்கச் சொன்னேன். கூட்டம் வந்தது. பாதிப் பேர் பாட்டுக்கு வரவில்லை, மாட்டிக்கொடுக்க வந்திருந்தார்கள். எந்தப் போனும் தேனுவின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் அவள் கையைப் பார்த்தன.

"பாப்பா, பென் டிரைவ் எடுத்துட்டு வந்தியா?" என்றது ஒரு குரல்.

"வீட்ல மறந்துட்டேண்ணே" என்றாள் மைக்கில். "ஆனையூரு வரைக்கும் போய் எடுத்துட்டு வந்து தாரீங்களா?"

கேட்டவனின் பக்கத்தில் இருந்தவர்களே சிரித்தார்கள்.

நன்றாகவே போனது. பிறகு தகரம் தட்டும் இடம் வந்தது. குந்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் குந்தியபடியே தவளை மாதிரி முன்னால் நகர ஆரம்பித்தார்கள், பாய்வதற்கு முன் மேடைக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க. ஆளுக்கு ஆள் நடுவே இருந்த இடைவெளி மூடிக்கொண்டே வந்தது. முன்வரிசைப் பிள்ளைகளின் முழங்கால் தடுப்புக் கம்பியில் அழுந்தியது. இடது மூலையில் ஒரு சின்னப் பெண், ரிப்பன் கட்டியவள், எழ முயன்று முடியாமல் உட்கார்ந்தாள்.

ஃபேடரில் விரலை வைத்தேன். சுற்றிப் பார்த்தேன். அத்தனை போனும் என் மகளின் கைமேல். இப்போது இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இழுக்காவிட்டால் என்ன ஆகக்கூடும் என்றும் தெரியும். ஒன்றும் ஆகாமலும் போகலாம். அதுதான் இந்த வேலையின் கொடுமை. நீங்கள் சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. நடக்காததை யாரும் வீடியோ எடுக்க முடியாது.

இழுத்தேன். "எடுத்துட்டேன் தேனு" என்றேன்.

"ஏய், சவுண்டு போச்சு! மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சு!" என்று விசில் பறந்தது. தேனு என் பக்கம் பார்த்தாள். சிரித்தாள். குச்சியை இதுவரை தூக்காத உயரத்துக்குத் தூக்கி அடித்தாள். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. முன்வரிசைக்கு மட்டும் ரப்பரில் மரம் விழுகிற சத்தம் கேட்டிருக்கும். டொப், டொப், டொப். அடித்துக்கொண்டே மைக்குக்குக் குனிந்தாள்.

"இந்த ரைட்டு எங்கப்பா குரலு. அவரு கண்டக்டரு. கடைசி ஆளு ஏறாம ரைட் குடுக்க மாட்டாரு. முன்னாடி உக்காந்திருக்கவங்க எந்திரிச்சு நிக்கணும். பின்னாடி இருக்கவங்க பின்னாடி போகணும். அது வரைக்கும் வண்டி நகராது."

"பாட்டப் போடு பாப்பா!"

"நகராதுண்ணே."

முணுமுணுத்தார்கள். சிலர் எழுந்து போய்விட்டார்கள், போகட்டும். கபடிப் பையன்கள் கூட்டத்துக்குள் இறங்கினார்கள். "எந்திரி மாப்ள. பின்னாடி போ. எம்புட்டு எடம் கெடக்கு, இங்கயே வந்து ஒட்டுற?" நேரமானது. ரபீக் அந்த ஒரே ராகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். தேனு கேலிக்கும் விசிலுக்கும் நடுவில், எல்லாப் போனும் பார்க்க, சத்தமில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு அடிகூடத் தாளம் தப்பவில்லை. எனக்கு ஹெட்ஃபோனில் கேட்டது.

பிறகு நான் பேஸைத் தூக்கினேன். தகரம் இரண்டு முறை தட்டியது. என் வீட்டுக்காரர் ரைட் கொடுத்தார். நின்ற இடத்திலேயே, நேராக மேலே, குதித்தார்கள்.

'இரண்டாவது முறையும் மாட்டிய பென் டிரைவ் பாப்பா' என்று மறுநாள் வந்தது. முதல் வீடியோவைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். நாங்கள் ஒரு வார்த்தை பதில் போடவில்லை. இன்றுவரை போடவில்லை. அந்தக் கொத்தனாரின் மகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று இங்கேயும் எழுத மாட்டேன். தேனுவும் ரபீக்கும் கூப்பிடுகிற இடத்துக்குப் போய் வாசிக்கிறார்கள். கூப்பிடாத இடங்களும் நிறைய. அவள் கிளம்பிப் போகிற ஒவ்வொரு சாயங்காலமும் தெருமுனை வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வருகிறேன். இப்போது மிக்ஸரில் நிற்பது உங்களில் ஒருவர். அவரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் இழு. என் மகளை ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறது. இழு.

அந்த வாடிப்பட்டி வீடியோ உங்கள் போனில் இருந்தால் அழிக்காதீர்கள். எடுத்தவன் போனைக் குறுக்குவாட்டில் பிடித்திருக்கிறான், புண்ணியவான். என் மகளின் கையை விடுங்கள், அதை எல்லாரும் பார்த்தாயிற்று. கீழே இடது மூலையைப் பாருங்கள். குந்தியிருந்த தலைகள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. ரிப்பன் கட்டிய ஒரு தலை மட்டும் வர நேரமாகிறது. யாரோ கை கொடுக்கிறார்கள். அது எழுந்து, பின்னலைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் ரைட் வருகிறது.